காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் குழந்தை: எலும்பு, மூட்டுத் தொற்று பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பாராசிட்டமால் சிரப் கொடுப்போம், ஈரத்துணியால் துடைத்துவிடுவோம், இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம். பெரும்பாலான காய்ச்சலுக்கு இது போதும். குழந்தை நொண்டினால் என்ன செய்வது என்பதும் தெரியும். "எங்கேயாவது விழுந்திருப்பான்" என்று சொல்லி எண்ணெய் தேய்ப்போம். அதுவும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

இந்த இரண்டும் ஒரே குழந்தைக்கு ஒரே நேரத்தில் வரும்போதுதான் சிக்கல். காய்ச்சலும் இருக்கிறது, ஒரு காலை ஊன்றவோ ஒரு கையை அசைக்கவோ மறுக்கவும் செய்கிறது என்றால், அந்த எலும்பிலோ மூட்டிலோ கிருமி புகுந்து சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். எலும்புக்குள் வரும் தொற்றை மருத்துவர்கள் ஆஸ்டியோமையலைட்டிஸ் என்பார்கள். மூட்டுக்குள் வந்தால் செப்டிக் ஆர்த்ரைட்டிஸ். அடிக்கடி வரும் நோய்கள் அல்ல இவை. ஆனால் வந்த பிறகு எத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளை பிற்காலத்தில் நேராக நடக்குமா, நொண்டி நடக்குமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

எலும்புக்குள் கிருமி எப்படிப் போகிறது?

"காயமே இல்லையே, எலும்பில் எப்படிச் சீழ் வரும்?" என்று பல பெற்றோர் மருத்துவரிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெரியவர்களுக்கு எலும்பில் தொற்று வந்தால் பெரும்பாலும் அடிபட்ட காயமோ, அறுவைச் சிகிச்சையோ, ஆறாத சர்க்கரைப் புண்ணோ காரணமாக இருக்கும். குழந்தைகளுக்கு அப்படியில்லை. அவர்களுக்குக் கிருமி பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகத்தான் எலும்பைச் சேர்கிறது.

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்றொரு மெல்லிய குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்கள் தட்டை நெருங்கியதும் ஊசிக்கொண்டை போல வளைந்து திரும்புகின்றன. அந்த வளைவில் இரத்த ஓட்டம் மெதுவாகிவிடும். ஆற்று வளைவில் வண்டல் தங்குவது போல, இரத்தத்தில் மிதந்து வரும் கிருமிகள் அங்கே தங்கிப் பெருகுகின்றன. முழங்காலைச் சுற்றியுள்ள எலும்புகள், அதாவது தொடை எலும்பின் கீழ்ப்பகுதியும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேற்பகுதியும், வேகமாக வளரும் இடங்கள். தொற்றும் அங்கேதான் அதிகம் வருகிறது. பாதிக்கப்படும் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது.

இரத்தத்தில் கிருமி எங்கிருந்து வந்தது? காலில் இருந்த சிரங்காக இருக்கலாம், கொசுக்கடியைச் சொறிந்து புண்ணான இடமாக இருக்கலாம், தொண்டையாக இருக்கலாம். பல நேரங்களில் வாசல் எது என்றே தெரியாது. பெரும்பாலான தொற்றுக்குக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. இது வெளியூர்க் கிருமி ஒன்றுமில்லை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களில் பலரின் மூக்கிலும் தோலிலுமே குடியிருப்பது. ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கிங்கெல்லா என்ற இன்னொரு கிருமியும் காணப்படுகிறது. தொண்டையில் வாழும் இது, காய்ச்சலைக்கூட அதிகம் காட்டாமல் மூட்டைப் பிடிக்கும்.

எலும்பு கெட்டியானது. உள்ளே சீழ் கட்டினால் தோலில் வருகிற கட்டியைப் போல அது வெளியே வீங்க முடியாது. உள்ளுக்குள்ளேயே அழுத்தம் ஏறும். பிள்ளை துடிதுடித்து அழுவதற்குக் காரணம் அந்த அழுத்தம்தான். சீழ் பிறகு எலும்பைத் துளைத்து வெளியே வந்து, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தூக்கிவிடுகிறது. எலும்புக்கான இரத்தத்தில் ஒரு பங்கு அந்தச் சவ்வின் வழியாக வருவது. உள்ளேயும் அடைப்பு, வெளியேயும் அறுந்த தொடர்பு என்றானதும் அந்தப் பகுதி எலும்பு செத்துப்போகிறது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. நாம் கொடுக்கும் எந்த ஆன்டிபயாடிக் மருந்தும் இரத்தத்தின் வழியாகவே போய்ச் சேர வேண்டும். செத்த எலும்புக்கு இரத்தம் போகாது, மருந்தும் போகாது. கிருமி அதற்குள் பத்திரமாகத் தங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், தோலில் ஓட்டை விழுந்து சீழ் வடிவதும், காய்வதும், மறுபடி வடிவதுமாகத் தொடரும். முதல் சில நாட்களில் மருந்தோடு முடிந்திருக்க வேண்டியது பல அறுவைச் சிகிச்சைகளாக நீள்வது இப்படித்தான்.

மூட்டில் வந்தால் நேரம் இன்னும் குறைவு

மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு, ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைக்காதது. சீழில் உள்ள வெள்ளணுக்களும் கிருமியும் விடும் நொதிகள் அதைக் கரைக்கின்றன. இந்தச் சேதத்தை நாள் கணக்கில் எண்ணுவதில்லை, மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள். அதனால்தான் மூட்டில் சீழ் என்று உறுதியானால் எலும்பு மருத்துவர் நள்ளிரவிலும் அறுவை அரங்கைத் திறக்கச் சொல்கிறார்.

எல்லா மூட்டுகளிலும் மோசமானது இடுப்பு மூட்டு. முழங்காலில் சீழ் வந்தால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் சூடு தெரியும். இடுப்பு மூட்டு தசைகளுக்கு அடியில் ஆழமாக இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. தொடை எலும்பின் மேல்முனை அந்த மூட்டுப் பைக்குள்ளேயே இருப்பதால், எலும்பில் தொடங்கிய தொற்று நேராக மூட்டுக்குள் உடைத்துக்கொண்டு போய்விடும். பந்து போன்ற அந்த எலும்புத் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அதே பைக்குள் போகின்றன. சீழின் அழுத்தம் அவற்றை நசுக்கினால் எலும்புத் தலையே செத்துவிடும். மூட்டு நழுவிப்போவதும் உண்டு. அந்தப் பிள்ளைக்குப் பிறகு ஒரு கால் குட்டையாகவே வளரும்.

இன்னொன்றும் உண்டு. இடுப்பு மூட்டு நோயில் பிள்ளை பெரும்பாலும் இடுப்பைக் காட்டாது. "முட்டி வலிக்குது" என்றே சொல்லும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் வலி அங்கே போய்த் தெரிகிறது. முழங்கால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிள்ளை காலை ஊன்றவில்லை என்றால் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை மடக்கி, முழங்காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து அசையாமல் படுத்திருப்பது இந்தப் பிள்ளைகளின் அடையாளம். அந்த நிலையில்தான் மூட்டுப் பைக்குள் இடம் சற்றுக் கூடுதலாகக் கிடைத்து வலி குறைகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

"விழுந்தான்" என்பது உண்மையாகவும் இருக்கலாம்

நான்கு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை தெருவில் விளையாடும்போது விழுகிறான். எழுந்து மறுபடி ஓடுகிறான். ஞாயிறு காலை நொண்டுகிறான், உடம்பும் சுடுகிறது. "அன்றைக்கு விழுந்தானே, அதன் சூடுதான்" என்று நன்னி சொல்கிறார். திங்கட்கிழமை சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டுகிறார். செவ்வாய் இரவு 103 டிகிரி காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு வலி ஊசி போட்டதும் வியாழன்வரை சற்று ஓய்கிறது. வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குப் போகும்போது தொடை வீங்கிப் பளபளக்கிறது. ஒரு வாரம் போய்விட்டது. இதில் யாரும் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் நல்லது என்று நினைத்ததையே செய்தார்கள்.

எலும்புத் தொற்று வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, சில நாட்களுக்கு முன் சிறு அடி பட்ட வரலாறு உண்டு. அடியால் எலும்புக்குள் சிறு இரத்தக்கசிவு ஏற்பட்டு, கிருமி தங்க அது இடம் கொடுக்கிறது என்பது மருத்துவர்களின் விளக்கம். ஆகவே அவன் விழுந்தது உண்மையாக இருந்தாலும் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. அடிபட்ட வலி என்றால் முதல் நாள் அதிகமாக இருந்து நாளுக்கு நாள் குறையும். விழுந்தபின் ஒரு நாள் நன்றாக ஓடிவிட்டு, பிறகு வலி தொடங்கி ஏறிக்கொண்டே போனால் அது அடியின் கணக்கில் சேராது. சுளுக்குக்குக் காய்ச்சலும் வராது.

நாட்டு வைத்தியர்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் காலங்காலமாக மக்கள் அவர்களிடம் போயிருக்கிறார்கள். ஆனால் சீழ் கட்டிய எலும்பை நீவினால் தொற்று பரவும், வலுவிழந்த எலும்பு முறியவும் செய்யும். இறுக்கிக் கட்டினால் ஏற்கெனவே குறைந்துபோன இரத்த ஓட்டம் இன்னும் குறையும். கட்டுக்குள் வீக்கமும் சிவப்பும் யார் கண்ணிலும் படாமல் போகும். காய்ச்சல் இருக்கும் பிள்ளையை நீவக் கொடுக்கவே கூடாது.

ஓதிப் பார்ப்பதையும், ஓதிய தண்ணீர் கொடுப்பதையும் யாரும் தடுக்கவில்லை. ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் ஓதலாம். அதற்காக ஒரு நாள் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதே நாம் சொல்வது.

மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகக் குழப்பம் தருகிறது. கிருமி சாகாது, காய்ச்சல் மட்டும் தணியும். பரிசோதனையில் கிருமி எது என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். அப்படிக் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையையோ பாட்டிலையோ கையோடு கொண்டுபோங்கள்.

பச்சைக் குழந்தைகள்

கைக்குழந்தையிடம் இந்த நோயைக் கண்டுபிடிப்பது தனிக் கடினம். அதற்குச் சொல்லத் தெரியாது, நடக்கவும் தெரியாது. பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைக்குத் தொற்று கடுமையாக இருந்தாலும் காய்ச்சல் இல்லாமலே போகலாம். பால் குடிப்பது குறையும். முகம் வாடிக் கிடக்கும். துணி மாற்றக் காலைத் தூக்கும்போது மட்டும் வீறிட்டு அழும். ஒரு கையோ காலோ துவண்டு கிடக்கும், மற்றது நன்றாக உதைக்கும். பக்கவாதம் வந்தது போல் தோன்றினாலும் நரம்பில் கோளாறு இருக்காது, வலிக்குப் பயந்து குழந்தை அசைக்காமல் வைத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்களில் "உரம் விழுந்திருக்கு" என்று சொல்லிச் சேலையில் போட்டு உருட்டுவார்கள். நேற்றுவரை கையை நன்றாக ஆட்டிக்கொண்டிருந்த குழந்தை இன்று ஆட்டவில்லை என்றால் உரம் எடுக்கப் போகாதீர்கள், குழந்தை மருத்துவரிடம் போங்கள். குறைமாதத்தில் பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, தொப்புள் வழியாகவோ நரம்பிலோ ஊசிக்குழாய் வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்த அபாயம் கூடுதல். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்தும் வரலாம்.

ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை வளர்ச்சித் தட்டைக் கடந்து செல்லும் இரத்தக் குழாய்கள் இருப்பதால், பச்சைக் குழந்தைகளுக்கு எலும்பும் மூட்டும் வளர்ச்சித் தட்டும் ஒன்றாகவே பாதிக்கப்படுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் வருவதும் உண்டு. ஒரு கால் வீங்கியிருந்தால் மருத்துவர் மற்ற மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளை காலில் எந்தக் குறையும் இல்லாமல் உட்கார மட்டும் மறுத்து அழுதால், முதுகெலும்பு வட்டில் தொற்று இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எதெல்லாம் இது இல்லை?

நொண்டும் பிள்ளைகள் எல்லோருக்கும் சீழ் இருக்காது. சளிக் காய்ச்சல் வந்துபோன சில நாளில் இடுப்பு மூட்டில் நீர் சேர்ந்து பிள்ளை நொண்டுவது சாதாரணம். ஓய்விலேயே ஒரு வாரத்தில் சரியாகும். "வளர்ச்சி வலி" என்பது இரண்டு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வரும், காலையில் பிள்ளை வழக்கம்போல் ஓடும். ஒரே காலில், ஒரே இடத்தில், விடிந்த பிறகும் இருக்கும் வலியை வளர்ச்சி வலி என்று சொல்லிவிடக் கூடாது. சிக்குன்குனியாவில் பல மூட்டுகள் சேர்ந்து வலிக்கும். தொண்டை வலிக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலில் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், அது இதயத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் அதற்கும் உடனே மருத்துவம் தேவை. அரிதாக, இரத்தப் புற்றுநோய்கூட எலும்பு வலியாகத் தொடங்கும்.

மூட்டில் வெறும் நீரா சீழா என்று பிரித்தறிய, 1999-ல் பாஸ்டன் நகரில் மினிந்தர் கோச்சர் என்ற எலும்பு மருத்துவரும் அவர் குழுவினரும் நான்கு அடையாளங்களை வெளியிட்டார்கள். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருப்பது, அதாவது நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் ஏறத்தாழ 101.3. காலை ஊன்ற மறுப்பது. இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். 40-ஐ எட்டுவது. வெள்ளணுக்கள் 12,000-க்கு மேல் போவது. ஒன்று மட்டும் இருந்தால் சீழுக்கான வாய்ப்பு குறைவு, மூன்றோ நான்கோ சேர்ந்தால் மிக அதிகம். பிறகு சி.ஆர்.பி. என்ற சோதனையையும் சேர்த்துக்கொண்டார்கள். இவற்றில் முதல் இரண்டை உம்மாவும் வாப்பாவும் வீட்டிலேயே பார்த்துவிட முடியும் என்பதைக் கவனியுங்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

எக்ஸ்ரே எடுப்பார்கள். அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இதைக் கேட்டு நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் பலர். எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும், அதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் வாரத்து எக்ஸ்ரே முறிவு இல்லை என்பதைச் சொல்லும், தொற்று இல்லை என்று சொல்லாது. இடுப்பில் நீரோ சீழோ சேர்ந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சில நிமிடத்தில் காட்டிவிடும். எலும்புக்குள் நடப்பதை ஆரம்பத்திலேயே தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. சிறு பிள்ளைகள் அசையாமல் படுத்திருக்க மாட்டார்கள் என்பதால் மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். மூட்டில் ஊசி போட்டு நீரை எடுத்தும் அனுப்புவார்கள். "பிஞ்சுக் குழந்தைக்கு மூட்டில் ஊசியா?" என்று நம் பெண்கள் பதறிப்போகிறார்கள். ஆனால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரிய இதைவிட நல்ல வழி இல்லை. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் நம் நாட்டில் சாதாரணமாகிவிட்ட நிலையில், கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பது கைகொடுப்பதில்லை.

மூட்டில் சீழ் இருந்தால் திறந்தோ சிறு துளை வழியாகவோ கழுவி எடுக்க வேண்டும். எலும்பில் சீழ் கட்டியிருந்தால் அதையும் வெளியேற்ற வேண்டும். சீழ் கட்டும் முன்பே வந்துவிட்ட எலும்புத் தொற்று பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும். உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பிள்ளைக்குச் சோறோ பிஸ்கட்டோ ஊட்ட வேண்டாம். கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

நம் குடும்பங்களில் இன்னொரு தாமதமும் நடக்கிறது. வாப்பா சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ இருப்பார். "அவரிடம் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று உம்மா தயங்குவார். அவர் வேலை முடிந்து போனை எடுக்க இரவாகும். பிறகு மாமனாரும் மச்சானும் கூடிப் பேசி, "இன்னொரு டாக்டரிடமும் காட்டுவோம்" என்பார்கள். இடுப்பு மூட்டில் சீழ் இருக்கும்போது இந்த ஒரு நாளுக்கு விலை அதிகம். பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்குத் தாயின் கையொப்பமே போதும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்கள், "பிள்ளை விஷயத்தில் டாக்டர் அவசரம் என்றால் எனக்காகக் காத்திருக்காதே" என்ற ஒரு வார்த்தையை இன்றைக்கே வீட்டில் சொல்லி வைப்பது நல்லது. செலவைப் பற்றிய பயத்திலும் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்புப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன, 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

மருந்தை நிறுத்தும் ஆசை

முன்பெல்லாம் வாரக்கணக்கில் நரம்பு வழியாகவே மருந்து ஏற்றினார்கள். இப்போது சில நாள் ஊசி, காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் இறங்கியதும் வாய்வழி மருந்து என்று மாறியிருக்கிறது. பின்லாந்தில் ஹெய்க்கி பெல்டோலா குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலில்லாத எலும்புத் தொற்றுக்கு மொத்தம் 20 நாள் மருந்தும் 30 நாள் மருந்தும் ஒரே பலனைத் தந்தன. ஆனால் அவை சீக்கிரம் மருத்துவமனைக்கு வந்த, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி கொண்ட பிள்ளைகள். தாமதமாக வருபவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம், சில நேரம் அதற்கு மேலும் எழுதித் தருவார்கள்.

ஐந்தாம் நாளே பிள்ளை சிரித்து விளையாடத் தொடங்கிவிடும். "இவ்வளவு மருந்து உடம்புக்குச் சூடு" என்று நிறுத்தத் தோன்றும். நிறுத்தக் கூடாது. பிள்ளையின் முகத்தில் நோய் மறைந்த பிறகும் எலும்புக்குள் கிருமி இருக்கும். வயிற்றுப்போக்கோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

மெதுவாக வரும் காசநோய்

எல்லாத் தொற்றும் காய்ச்சலோடு வேகமாக வருவதில்லை. ஒரு மூட்டு வாரக்கணக்கில் வீங்கியிருக்கிறது, வலி பெரிதாக இல்லை, பிள்ளை மெலிகிறது, மாலையில் லேசாக உடம்பு சுடுகிறது, இரவுத் தூக்கத்தில் திடீரென அழுகிறது என்றால் எலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். அதில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பில் வருகிறது. குனிந்து பொருளை எடுக்காமல், முதுகை நேராக வைத்துக் குந்தி எடுக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். வீட்டில் நீண்ட நாள் இருமும் பெரியவர் யாராவது இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய் என்றதும் பெண் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்பில் வரும் காசநோய் பெரும்பாலும் அடுத்தவருக்கு ஒட்டாது. ஓராண்டோ அதற்கு மேலோ மருந்து சாப்பிட வேண்டும். அரசு அதை இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது.

வராமல் தடுக்க

முழுவதும் தடுக்க வழியில்லை. ஆனாலும் சிரங்கையும் சீழ்க் கொப்புளத்தையும் "தானா ஆறிடும்" என்று விடாமல் சுத்தம் செய்து மருந்து போடலாம். ரப்பர் செருப்பையோ ஷூவையோ துளைத்து ஆணி ஏறினால், டெட்டனஸ் ஊசியோடு விஷயம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்த ரப்பரில் தங்கும் சூடோமோனஸ் என்ற கிருமி பாத எலும்பைப் பிடிக்கக்கூடும். ஒரு வாரம் கழித்து மறுபடி வலித்தால் காட்ட வேண்டும்.

தடுப்பூசிக்கும் இதில் பங்குண்டு. ஹிப் என்ற கிருமி ஒரு காலத்தில் சிறு பிள்ளைகளின் மூட்டுத் தொற்றுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. தடுப்பூசி வந்த நாடுகளில் அது ஏறத்தாழ மறைந்தே போனது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அது அடங்கும். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் தொடங்கினார்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது.

ஒரே பிள்ளைக்கு எலும்பிலும் நுரையீரலிலும் ஈரலிலும் திரும்பத் திரும்பச் சீழ்த் தொற்று வந்தால், நோய் எதிர்ப்பணுக்களில் பிறவிக் குறை இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். இவற்றில் சில, பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருக்கும் குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

குணமான பிறகு

தையல் பிரித்து, மருந்து முடிந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பெரும்பாலோர் மறு பரிசோதனைக்கு வருவதில்லை. வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டிருந்தால் அதன் விளைவு அப்போது தெரியாது. பிள்ளை வளர வளர, ஒரு கால் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று பின்தங்கும், அல்லது முழங்கால் ஒரு பக்கமாக வளையும். ஆகவே குறைந்தது இரண்டு ஆண்டு, பச்சைக் குழந்தையாக இருந்தபோது வந்தது என்றால் வளர்ச்சி நிற்கும் வயதுவரை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் காட்டி அளந்து பார்க்க வேண்டும். சிறு வித்தியாசத்துக்குச் செருப்பின் உயரத்தைக் கூட்டினால் போதும். அதற்கு மேல் என்றால், நன்றாக இருக்கும் காலின் வளர்ச்சியைச் சரியான வயதில் தடுத்து நிறுத்தி இரண்டையும் சமமாக்கும் சிறு அறுவைச் சிகிச்சை உண்டு. பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும் என்பதால், பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரே படங்களையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.